கருநாக்குக்காரியின் பாஸிவ் வாய்ஸ்

பதுளைக் கடைவீதியில் என்னைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, இங்கிலீஷ் இலக்கணத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது. மற்றது, எனக்குக் கருநாக்கு என்பது. முதலாவதை முகத்துக்கு நேரே சொல்வார்கள். இரண்டாவதை நான் தெருமுனை திரும்பிய பிறகு சொல்வார்கள். கருநாக்கு என்றால் தெரியும்தானே? வாயால் சொன்னது, அதிலும் கெட்டதென்றால், அப்படியே பலித்துவிடுமாம். என் நாக்கைக் கண்ணாடி முன் நீட்டிப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் இருப்பதுபோல் சிவப்பாகத்தான் இருக்கிறது.

இந்தப் பட்டம் எனக்கு வந்தது பாஸிவ் வாய்ஸால். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஆரம்பத்தில் சிரிக்கத்தான் பார்த்தேன்.

அப்பாவுக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. திருச்சிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பும் வழக்கம் கிடையாது. ஆனால் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணிகள் குதிரை வண்டியில் வந்து இறங்கி லேஸ் கேட்பார்கள், ரிப்பன் கேட்பார்கள். அப்பா விழிப்பார். கடைசியில் அவர் அம்மாவிடம், "நம்ம வீட்ல ஒருத்தருக்காச்சும் இங்கிலீசு தெரியணும்டி, இல்லாட்டி அந்தம்மாக்கள் அடுத்த கடைக்குப் போயிருவாங்க" என்றார். வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான். அப்படித்தான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வியாபாரத்துக்காகப் படித்தேன், ஆசைக்காக அல்ல. ஆசை பிறகு வந்தது.

பாஸிவ் வாய்ஸ் பாடம் எனக்குப் பிடித்துப்போனது. மிஸ் எங்களையே வாக்கியமாக நிறுத்திக் காட்டுவார். செய்தவளை முன்வரிசையிலிருந்து எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பு. அவளுக்குத் துணையாக 'பை' என்று ஒரு சின்னச் சொல்லைக் கூட அனுப்பு. யாருக்குச் செய்யப்பட்டதோ அவளை முன்னால் கொண்டுவந்து உட்கார்த்து. நடுவில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போடு. வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தை எடு: பிரேக், ப்ரோக், ப்ரோக்கன். முடிந்தது. கடைசி பெஞ்சுக்காரி வேண்டாமென்றால் அவளை வெளியே அனுப்பிவிடலாம், வாக்கியம் கவலைப்படாது என்பார் மிஸ். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எங்கள் இலக்கணப் புத்தகத்தை எழுதிய மனிதருக்கு என்ன வயிற்றெரிச்சலோ, உதாரணம் ஒன்றிலாவது நல்ல காரியம் கிடையாது. எலி பூனையால் கொல்லப்பட்டது. வீடு எரிக்கப்பட்டது. திருடன் அடிக்கப்பட்டான். பையனால் குடம் உடைக்கப்பட்டது. நம் வாயில் இப்படி வருமா? குடம் ஒடஞ்சு போச்சு என்போம். எவ உடைச்சா என்று அம்மா விளக்குமாற்றோடு வந்து நின்ற பிறகுதான் ஆள் யாரென்று தெரியும். ஆனாலும் நாங்கள் அந்த வாக்கியங்களை நெட்டுருப் போட்டோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படிக்குப் போட்டோம்.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. புத்தகத்தை மட்டும் அப்பா பிடுங்கவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். துரைசாணி வந்தால் திரைக்குள்ளிருந்தே இங்கிலீஷில் பதில் சொல்வேன். திரை பேசுகிறது என்று அவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்துக் கடை நானா. தோட்டங்களுக்கு அரிசியும் கருவாடும் அனுப்புகிற முஸ்லிம் வியாபாரி. எந்தத் தோட்டத்தில் என்ன நடக்கிறதென்று துரைக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்துவிடும். "அண்ணே, தெமோதரைப் பக்கம் ஒரு பெரிய கங்காணி. உங்க சனம்தான். மகன் துரையோட ஆபீசுல கிளாக்கர். இங்கிலீசு தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறானாம்" என்றார்.

"எதுக்காம்?" என்று அப்பா கேட்டார்.

"லயத்துப் பொட்டப் புள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்கணுமாம். பொண்டாட்டி வந்து படிச்சுக் குடுக்கணுமாம். கிறுக்குப் பய" என்று நானா சிரித்தார். லயம் என்றால் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற வரிசை வீடுகள்.

திரைக்குப் பின்னால் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். முகம் தெரியாது, பேர் தெரியாது. அந்தக் கிறுக்குக்குத்தான் கழுத்தை நீட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த ஊரில் இன்னொருவன் வந்து என்னிடம் பள்ளிக்கூடம் வை என்று சொல்லப் போகிறானா?

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கோட்டும் தலைப்பாகையும் காதில் கடுக்கனுமாகக் கூண்டு வண்டியிலிருந்து இறங்கினார். பெரட்டில், அதுதான் விடிகாலையில் ஆட்களையெல்லாம் களத்தில் கூட்டி நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், தினமும் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. அவர் மெதுவாகப் பேசினால் நானா கடைக்குக் கேட்கும். லயத்து ஆட்கள் அவரைப் பற்றி வேறு மாதிரியும் சொல்வார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்கு அன்று தெரிந்தது, சிரித்த முகமுள்ள ஒரு மனிதர். அவருடைய சம்சாரம் அவருக்கு நேர்மாறு. கண்ணால் எடை போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார்.

குத்துவிளக்கு எரிந்தது. வெற்றிலைத் தட்டு வைத்தாயிற்று. நான் நமஸ்காரம் செய்து எழுந்தேன்.

"பாடத் தெரியுமா?" என்று அந்தம்மா கேட்டார்.

"பாட்டு யாருக்கு வேணும்? இங்கிலீசு பேசச் சொல்லு புள்ளைய! அதுக்குத்தானே இம்புட்டுத் தூரம் மாட்டை அடிச்சு ஓட்டிக்கிட்டு வந்திருக்கோம்" என்றார் பெரிய கங்காணி.

என்ன பேசுவது? யாரிடம் பேசுவது? என் அவஸ்தை புரிந்து மாப்பிள்ளைதான் கைகொடுத்தார். தலையை நிமிர்த்தாமலே, "பாஸிவ் வாய்ஸ்ல ஒரு வாக்கியம் சொன்னாப் போதும்" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அவருக்கு அது கஷ்டப்பட்டுப் படித்த பாடமாம். எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்தார்.

மூலையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடம் இருந்தது. அதைப் பார்த்ததுதான் தாமதம், நெட்டுருப் போட்டது வாயில் வந்து நின்றது. "தி பாட் வாஸ் ப்ரோக்கன் பை தி பாய்" என்றேன். ஒரு பிசிறில்லை.

மாப்பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்ட்!" என்றார்.

"என்னடா கரெக்ட்டு? தமிழ்ல சொல்லு, நாங்களும் கேப்போம்" என்றார் அவர் அப்பா.

துரை இங்கிலீஷில் சொல்வதை அப்பனுக்குத் தமிழில் சொல்லுவதுதான் மாப்பிள்ளைக்கு அன்றாட வேலை. ஒரு சொல்லை விடமாட்டார், ஒரு சொல்லைச் சேர்க்கமாட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "பையனால குடம் உடைக்கப்பட்டதுன்னு அர்த்தம்பா."

நம் சனத்தில் மகன் குடம் உடைப்பது ஒரு காரியத்துக்குத்தான். அப்பனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய், தோளில் நீர்க்குடம் தூக்கி, சுற்றிவந்து போட்டு உடைப்பான். பெண் பார்க்க வந்த இடத்தில், எரிகிற விளக்குக்கு முன்னால், பெற்றவர்களை வைத்துக்கொண்டு, நான் சொல்ல, பெற்ற மகன் வாயாலேயே அது வந்துவிட்டது. அந்தம்மா தாலியைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். என் அம்மா "முருகா, முருகா" என்று சுவரில் சாய்ந்தாள். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது, முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

பெரிய கங்காணி ஒருவர்தான் சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏண்டி மூஞ்சியத் தூக்குறே? நான் போற அன்னிக்கு இவன் உடைக்காம நீயா உடைக்கப் போறே? எப்படியும் உடைக்கத்தானே போறான்! மருமக இங்கிலீசுல சொல்லட்டும், இவன் அழகா உடைக்கட்டும். தட்டை மாத்துங்கய்யா!"

மருமக என்றார். எல்லாருக்கும் முன்னால் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். தட்டு மாற்றினார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அந்தம்மா போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

ஐப்பசித் தொடக்கத்தில் கூறைப்புடவை எடுக்க வந்தார்கள். பெண் வீட்டுக் கடையிலேயே கூறை எடுப்பதா என்று அம்மா கூச்சப்பட்டாள். "வேற கடையில எடுத்துட்டுச் சம்பந்தி மொகத்துல எப்படி முழிக்கிறது?" என்று பெரிய கங்காணி வாயடைத்துவிட்டார். அந்தம்மா வரவில்லை. இவர் புடவையைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். பிறகு மகனைப் பார்த்து, "போடா, திரைகிட்டப் போய்ப் பேசு. இங்கிலீசுலயே பேசு, எங்க யாருக்கும் புரியாது, ஒரு குத்தமும் இல்ல" என்று உந்தித் தள்ளினார்.

எந்த ஊரில் நடக்கும் இது? நிச்சயம் செய்த பெண்ணும் பிள்ளையும், பெரியவர்கள் முன்னால், ஒளிவுமறைவில்லாமல் பேசினோம். பேசத் தெரிந்ததென்னவோ பாடப்புத்தக இங்கிலீஷ்தான்.

"தி சாரி வாஸ் சோசன் பை மை ஃபாதர்" என்றார். புடவை அவர் அப்பாவால் தெரிவு செய்யப்பட்டதாம்.

"இட் இஸ் நாட் லைக்ட் பை மீ" என்றேன். எனக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. கருத்துப்போன அரக்கு.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. வேறு ஒன்று வாங்கப்படும் என்றார். பள்ளிக்கூடம் திறக்கப்படுமா என்று கேட்டேன். "இட் வில் பி ஓப்பன்ட்" என்றார். கட்டாயம் திறக்கப்படும். பிறகு தமிழுக்கு வந்து, "துரை எழுதுற ரிப்போர்ட் முழுக்க இந்த வாய்ஸ்தான். ரோடு வெட்டப்பட்டது, கொழுந்து பறிக்கப்பட்டது. வெட்டினது யாரு, பறிச்சது யாருன்னு ஒரு வரி இருக்காது" என்றார்.

"பறிச்சது என் ஆளுகடா! அதை எழுதச் சொல்லு!" என்று அங்கிருந்து பெரிய கங்காணி சத்தம் போட்டார். என் ஆளுக என்றாரே தவிர அவரும் ஒரு பேரைச் சொல்லவில்லை. எனக்கு அது அன்று தோன்றவில்லை. நான் பறவையாகப் பறந்துகொண்டிருந்தேன். கடைசியில் எடுத்தது மாம்பழ நிறம், பச்சைக் கரை. அப்பா அதை மடித்துத் தனியாக அலமாரியில் வைத்தார்.

கார்த்திகையில் நமுனுகுல மலையே தெரியாதபடிக்கு மழை. பெரட்டுக் களத்தில் நனைந்துகொண்டே நின்ற பெரிய கங்காணிக்குக் குளிர்க் காய்ச்சல். தோட்டத்து டாக்டர் கொயினா மருந்து கொடுத்தாராம், நிற்கவில்லை. ஒரு காலையில் நானா கடைக்குள் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரைத் தொப்பியில்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பெரிய கங்காணி மவுத்தாயிட்டார், அண்ணே" என்றார்.

அழுதேன். மருமக என்று கூப்பிட்டவர் அல்லவா? அப்பா மட்டும் இழவுக்குப் போய்வந்தார். வந்தவர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. என்ன நடந்ததென்று நானாதான் சொன்னார், அதுவும் அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகு. ஒப்பாரியில் அந்தம்மா என்னை வைத்துத்தான் பாடினாராம். விளக்கு எரியும்போதே குடத்தை உடைச்சவளே, வீட்டுக்கு வருமுன்னே வீட்டைக் கெடுத்தவளே என்று மாரில் அடித்துக்கொண்டாராம். சுடுகாட்டில் மாப்பிள்ளை குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, உடைக்கக் கை வராமல் நின்றுவிட்டாராம். பங்காளி ஒருவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டியிருந்ததாம்.

"மகள், அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க" என்றார் நானா. போடாமல் இருக்க முடியுமா? இழவுக்கு வந்த அத்தனை பேரும் அதைக் காதில் போட்டுக்கொண்டுதான் திரும்பினார்கள். ஹாலிஎல வந்து, பதுளை வந்து, பண்டாரவளை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கருநாக்குக்காரி என்று பேரும் வைத்தாயிற்று.

கருமாதி முடிந்து மாப்பிள்ளை கடைக்கு வந்தார். மொட்டைத் தலையோடு, குடையில்லாமல். அப்பாவிடம், "ஆத்தா ஒத்துக்க மாட்டேங்குது. தாலி அறுத்த கையோட கெடக்குது. நான் எப்படி..." என்று நிறுத்தினார். பிறகு அவர் திரையின் பக்கம் திரும்பி, "ஐ ஆம் நாட் அலௌட்" என்றார். எனக்கு அனுமதி இல்லை.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "பை ஹூம்?" என்று கேட்டேன். யாரால்?

கேட்டதில் தப்பில்லை, இன்றைக்கும் கேட்பேன். அவருக்கும் எனக்கும் தெரியாதா, அன்று நான் சொன்ன வாக்கியத்தில் ஒரு பையனுமில்லை, ஒரு குடமுமில்லை, மூன்றாவது வடிவம் மட்டும்தான் இருக்கிறது என்று? அதைத் தன் தாயிடம் போய் அவர் சொல்லியிருப்பார். சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன். அவர் படியிறங்கி மழைக்குள் போனார். நாங்கள் இரண்டு பேரும் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு சம்பந்தம் எதுவும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் தெருவில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயின. அப்பா மாம்பழ நிறப் புடவையை ஒருநாள் யாருக்கோ விற்றுவிட்டார்; எனக்குச் சொல்லவில்லை, அலமாரி காலியாயிருந்தது. மிஷன் மிஸ்தான் கூப்பிட்டுச் சின்ன வகுப்புக்கு டீச்சராக வைத்துக்கொண்டார். நாளாவட்டத்தில் இலக்கணம் முழுக்க என் கைக்கு வந்தது.

அந்தப் பாடம் வருஷா வருஷம் வரும். புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிடுவேன். விளக்கு அம்மாவால் ஏற்றப்பட்டது. மாலை அக்காவால் கட்டப்பட்டது. பாயசம் எல்லாராலும் குடிக்கப்பட்டது. இப்படித்தான் என் வகுப்பில் எழுதவேண்டும். "டீச்சர், உங்க பாஸிவ் வாய்ஸ்ல தினமும் பொங்கல்தான்" என்று பிள்ளைகள் கேலி செய்யும். செய்யட்டும். யாருடைய வீட்டில் எந்தப் பிள்ளையை எப்போது எழுந்து நின்று சொல்லச் சொல்வார்களோ, யார் கண்டது?

அந்தம்மாவை நான் ரொம்ப காலம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில், கரும்பலகைக்கு முன்னால், கோயிலில் கூட. எதிரே வந்தால் என்னென்ன கேட்பது என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். வயது ஏற ஏறக் கொஞ்சம் புரிந்தது. புருஷன் காய்ச்சல் வந்து போய்விட்டார் என்றால் அதில் செய்த ஆள் இல்லை. மழையைப் பிடித்து உலுக்க முடியுமா? அத்தனை துக்கத்தையும் கொண்டுபோய் வைக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கையில் அகப்பட்டது நான். புரிந்ததால் கோபம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். அது ஒரு பக்கம் இருந்தது.

ரயில் பதுளை வரைக்கும் வந்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகளும் பரீட்சை எழுத எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு பரீட்சைக் காலையில் வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். இரட்டைச் சடையும் கையில் மைக்கூடுமாக ஒரு சிறுமி வந்தாள். பக்கத்தில் அவள் அப்பா. தலை நரைத்திருந்தது, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டார். நானும்தான்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா நின்றிருந்தார். வெள்ளைச் சேலை. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. பேத்தி பரீட்சைக்குப் போகிறாளென்று கண் தெரியாமலே ரயிலேறி வந்திருக்கிறார்.

"யாருடா நிக்கிறது?" என்று கேட்டார்.

அவர் "டீச்சரம்மா, ஆத்தா" என்றார்.

அந்தம்மா கையை முன்னால் நீட்டித் துழாவினார். நான் விலகியிருக்கலாம். கை தானாக நீண்டுவிட்டது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். காய்ந்த கை, நல்ல சூடு.

"தாயி, எங்க புள்ள இங்கிலீசு எழுதப் போகுது. பாஸ் பண்ணினா லயத்துப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கணும்னு அவ அப்பன் இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியிறான். நீங்க ஒரு நல்ல வாக்கு சொல்லுங்க. படிச்சவங்க வாக்கு பலிக்கும்."

சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. நான் யார் தெரியுமா என்று ஒரு வரி போதும், அந்தக் கை என் கையை உதறிவிடும். மகன் தன் கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பாயைப் பார்த்த மாதிரியே.

சிறுமி என் முகத்தைப் பார்த்தாள்.

"பாஸ் பண்ணிருவா, ஆத்தா. நல்லா எழுதுவா. பள்ளிக்கூடமும் வைப்பா" என்றேன்.

அந்தம்மா என் கையைத் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஊரே சொல்லியும் அதுவரைக்கும் நம்பாதவள், அந்த நேரம் மட்டும் என் நாக்கு கருநாக்காகவே இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன்.